ஓர் அழுத்து, ஒரு பந்து

பெங்களூரு–ஓசூர் நெடுஞ்சாலையோரம் ஞாயிற்றுக்கிழமைகளில் பெயிண்ட்பால் ஆட வருகிறவர்களை இரண்டு ரகமாகப் பிரித்துவிடலாம். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் முகமூடியை மாட்டியதும் படம் எடுத்துக்கொள்வார்கள். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை ஆட்கள் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, திருகாணி எங்கெங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

நான் போனது இரண்டாம் ரகத்தோடு. அவர்களில் ஒருவன் ஐடிஐ முடித்து, சிப்காட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறவன். முதல் ஆட்டத்தில் ஐந்தே நிமிடத்தில் நெற்றியில் ஆரஞ்சுச் சாயம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். தோற்ற வருத்தம் அவன் முகத்தில் இல்லை. ஒரு சந்தேகம் இருந்தது.

“ஏண்ணா, நான் விரலை எடுக்கவே இல்ல. அமுக்கிப் பிடிச்சபடியேதான் இருந்தேன். ஒண்ணே ஒண்ணுதான் போச்சு. வண்டி ஹாரனை அமுக்குனா அடிச்சிட்டே இருக்குமில்ல, இது ஏன் ஒண்ணோட நின்னுடுது?”

நல்ல கேள்வி. மிக்ஸியைத் திருகி வைத்தால் திருகி வைத்திருக்கும் வரை ஓடுகிறது. குழாயைத் திறந்தால் மூடும்வரை தண்ணீர் வருகிறது. இந்தக் கருவியோ ஓர் அழுத்துக்கு ஒரு பந்து என்று கணக்கு வைத்திருக்கிறது. உள்ளே பேட்டரி இல்லை, சிப் இல்லை. நாலு இரும்புத்துண்டும் மூன்று ஸ்பிரிங்கும் எப்படி எண்ணத் தெரிந்துவைத்திருக்கின்றன?

மரத்துக்குப் பொட்டு வைத்த கருவி

ஆட்டக்காரர்கள் இதைத் துப்பாக்கி என்று சொல்வதில்லை, மார்க்கர் என்பார்கள். கௌரவத்துக்காக வைத்த பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் வெட்ட வேண்டிய மரங்களுக்கும், மந்தையிலிருந்து பிரிக்க வேண்டிய மாடுகளுக்கும் தூரத்திலிருந்தே சாயப்பொட்டு வைக்கத்தான் இது பிறந்தது. நெல்சன் என்ற பெயிண்ட் கம்பெனிக்காக, காற்றுத்துப்பாக்கி செய்யும் டெய்சி நிறுவனம் 1970களில் செய்துகொடுத்த ‘நெல்ஸ்பாட் 007’ ஆரம்பகால மார்க்கர்களில் ஒன்று. மீன் எண்ணெய் மாத்திரையைப் போன்ற ஜெலட்டின் உறைக்குள் சாயம். ஒவ்வொரு பந்துக்கும் கையால் இழுத்து ஏற்றிக்கொள்ள வேண்டும்.

1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹென்னிகர் என்ற ஊரின் காட்டில் பன்னிரண்டு பேர் இதை வைத்துக்கொண்டு முதல் ஆட்டம் ஆடினார்கள். ஆளுக்கொரு திசையில் புகுந்து கொடிகளைச் சேகரிக்க வேண்டும். ஜெயித்தவர் ரிச்சி வைட் என்ற வனத்தொழிலாளர். அவர் கடைசிவரை ஒரு பந்துகூடச் சுடவில்லை. ட்ரிகரைப் பற்றிய கட்டுரையில் இந்தத் தகவலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்றைய வாடகைக் களங்களில் இருப்பவை பெரும்பாலும் வேறு வகை. 1998இல் வந்த டிப்மன் 98 என்ற மாதிரியும் அதன் சகோதரங்களும் உலகெங்கும் களங்களில் அடிபட்டுக்கொண்டிருக்கின்றன. பந்தைச் சுட்ட வாயுவே மறுபந்துக்கும் கருவியைத் தயார்செய்து வைத்துவிடும். அந்தப் பையன் கவிழ்த்துப் பார்த்ததும் அதைத்தான்.

தள்ளுவது விரல் அல்ல

ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால், 2017 வரை, மாநில எல்லையிலுள்ள ஜுஜுவாடியில் லாரிகள் வரிசைகட்டி நின்ற காலத்தைப் பார்த்தவர்களுக்குச் சோதனைச்சாவடிக் குறுக்குக்கழி நினைவிருக்கும். கழியின் பின்முனையில் கல்லோ இரும்போ கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். முன்முனை கயிற்றால் கீழே கட்டியிருக்கும். காவலர் கயிற்றை அவிழ்த்தால் போதும், கழி தானாக எழுந்து நிற்கும். கழியைத் தூக்கியது அவரா? இல்லை. தூக்கியது பின்னால் இறங்கிய கல். அதற்கு முன்பே யாரோ கழியை இழுத்துக் கட்டியபோது கல்லை உயரத்தில் ஏற்றி வைத்துவிட்டார்கள். காவலர் செய்தது விடுவித்தது மட்டும்.

ட்ரிகர் என்பது இவ்வளவுதான். அது எதையும் தள்ளுவதில்லை, விடுவிக்கிறது. எலிப்பொறியில் தேங்காய்ச்சில்லைத் தொட்ட எலியா கம்பியை அடித்தது? சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை மதிலின் கருவிகள் வரிசையாக வரும் இடத்தில் ‘வளைவிற்பொறி’ என்று ஒன்று உண்டு. தானே வளைந்து அம்பெய்யும் இயந்திர வில் என்று அதற்கு உரை சொல்கிறார்கள். அது உண்மையில் எப்படி இருந்திருந்தாலும், ஆளில்லாமல் எய்ய வேண்டுமென்றால் இழுத்துக் கட்டிய ஒன்றும் அதைப் பிடித்துவைத்த ஒன்றும் இருந்தே தீர வேண்டும்.

மார்க்கரில் இந்த விடுவிப்பு மூன்று படியாக நடக்கிறது. ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை அளவுகோலாக வைத்துக் கணக்குப் போடலாம்.

முதல் படி உங்கள் விரல். வாடகை மார்க்கரின் ட்ரிகர் கனமானது. ஒரு கிலோ எடைக்குச் சமமான விசை தேவை, ட்ரிகர் அரை சென்டிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் விரல் செய்த வேலை, சர்க்கரைப் பொட்டலத்தை அரை சென்டிமீட்டர் தூக்கும் வேலை.

இரண்டாவது படி உள்ளே சுருங்கி நிற்கும் ஸ்பிரிங். முழுதும் சுருங்கியிருக்கையில் நாலு கிலோ, விரிந்து முடிகையில் இரண்டு கிலோ, சராசரி மூன்று கிலோ விசையோடு அது இரண்டு சென்டிமீட்டர் விரிகிறது என்று கொண்டால், பொட்டலத்தை ஆறு சென்டிமீட்டர் தூக்கும் வேலை.

மூன்றாவது வாயு. பந்தின் எடை சுமார் 3 கிராம். பெரும்பாலான களங்களில் அதன் வேகம் நொடிக்கு 300 அடியைத் தாண்ட விடமாட்டார்கள். 300 அடி என்றால் 91 மீட்டர், மணிக்கு 320 கிலோமீட்டருக்கும் மேல். அந்த வேகத்தில் போகும் அந்தக் குட்டிப் பந்துக்குள் இருக்கும் ஆற்றல், அதே சர்க்கரைப் பொட்டலத்தை 120 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமானது. முகமூடியைக் கழற்றினால் களத்துக்காரர் ஏன் கத்துகிறார் என்று இப்போது தெரிகிறதல்லவா?

அரை, ஆறு, நூற்றிருபது. விரல் ஸ்பிரிங்கை விடுவிக்கிறது, ஸ்பிரிங் வாயுவை விடுவிக்கிறது. ஒவ்வொரு படியிலும் சின்னது பெரியதற்குக் கதவு திறந்துவிடுகிறது. பாகன் யானையைத் தள்ளிக்கொண்டு போவதில்லை, காதருகே காலால் சீண்டுகிறான்.

கொண்டியும் குதிரையும்

இனி உள்ளே போகலாம். இரண்டு உறுப்புகளுக்குப் பெயர் வேண்டும். பழைய தமிழில் துப்பாக்கியின் அடிக்கும் பாகத்துக்குக் ‘குதிரை’ என்று பெயர். அழகான சொல், அதையே எடுத்துக்கொள்கிறேன். குதிரையை ஓடவிடாமல் மாட்டிப் பிடித்திருக்கும் சிறு இரும்புநாக்கைக் ‘கொண்டி’ என்போம். கதவுக்கொண்டியின் வேலைதான் அதற்கும். கன்னடத்திலும் கொண்டி என்றால் கொக்கிதான். எல்லையோர ஊருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

மார்க்கரின் உடல் ஒரு குழாய். குழாய்க்குள் முன்னும் பின்னும் ஓடக்கூடிய கனமான இரும்பு உருளைதான் குதிரை. பின்னால் ஸ்பிரிங் முட்டுக்கொடுத்திருக்கிறது. குதிரையைப் பின்னுக்கு இழுத்தால் ஸ்பிரிங் சுருங்கும், கீழேயிருந்து கொண்டி எழுந்து குதிரையின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். கல் ஏற்றிக் கட்டிய குறுக்குக்கழி இப்போது தயார்.

ட்ரிகரை இழுக்கிறீர்கள். அதன் வால்முனை எழுந்து கொண்டியின் முன்முனையை மேலே தள்ளுகிறது. கொண்டி ஏற்றப்பலகைபோல அச்சில் சாய, அதன் பின்முனை கீழே இறங்குகிறது. குதிரை பாய்கிறது. போகும்போதே ஒரு கம்பியால் தனக்கு முன்னாலுள்ள தண்டையும் நகர்த்தி, பந்தைக் குழலுக்குள் தள்ளிவிடுகிறது. பாய்ச்சலின் முடிவில் வால்வின் தலையில் ஓர் இடி. வால்வு கண்சிமிட்டும் நேரத்தில் திறந்து மூடுகிறது. வெளிவந்த வாயுவில் பெரும்பங்கு முன்னால் போய்ப் பந்தை வீசுகிறது. மீதி பின்னால் போய்க் குதிரையை வந்த வழியே உதைத்துத் தள்ளுகிறது. ஸ்பிரிங் மறுபடி சுருங்குகிறது.

இங்கேதான் பையனின் கேள்வி. விரல் இன்னும் ட்ரிகரை இழுத்தபடியே இருக்கிறது. அப்படியானால் கொண்டி இன்னும் கீழேதானே இருக்க வேண்டும்? திரும்பி வரும் குதிரையைப் பிடிக்க ஆளில்லை. அது மறுபடி பாயும், மறுபடி இடிக்கும், மேலே மாட்டியிருக்கும் பந்துக் கூடை காலியாகும்வரை ஓயாது. ஆனால் அப்படி நடப்பதில்லை.

களத்துக்காரர் பழுதாகிக் கிடந்த ஒன்றைப் பிரித்துக் காட்டினார். பையன் கொண்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “ஸ்லாட் அடிச்சிருக்காங்க” என்றான்.

விடை அதுதான். கொண்டியின் அச்சுத்துளை வட்டமாக இல்லை, நீட்டமாக இருக்கிறது. எனவே கொண்டி சாய்வது மட்டுமல்ல, அரை நூல் அளவு முன்னும் பின்னும் நகரவும் முடியும். குதிரை அதன்மேல் முட்டிக்கொண்டு நிற்கும்போது, அந்த நெருக்கலில் கொண்டி முன்னே நகர்ந்து ட்ரிகரின் வாலுக்கு மேலே போய் நிற்கிறது. ட்ரிகர் அதைத் தூக்க முடிகிறது. குதிரை பாய்ந்துவிட்டதோ, நெருக்கல் போய்விட்டது. கொண்டியின் சொந்தச் சிறு ஸ்பிரிங் அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ட்ரிகர் வாலின் மேலிருந்து கொண்டி வழுக்கி விழுகிறது. விரல் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் ட்ரிகரின் வால் இப்போது வெறும் காற்றைத்தான் தூக்கிப்பிடித்திருக்கிறது. கொண்டி நிமிர்ந்துவிட்டது, திரும்பி வரும் குதிரையைப் பிடித்துவிட்டது.

அடுத்த பந்து வேண்டுமென்றால் விரலை விட்டாக வேண்டும். விட்டால்தான் ட்ரிகரின் வால் இறங்கி மறுபடியும் கொண்டியின் அடியில் வந்து சேரும். எண்ணுகிற மூளை எங்கே இருக்கிறது என்று கேட்டோமே, அது ஒரு துளையின் வடிவத்தில் இருக்கிறது. வட்டத்துக்குப் பதில் நீள்வட்டம். யாரோ ஒருவர் அரத்தை வைத்து இரண்டு இழுப்பு இழுத்து அந்த மூளையை உண்டாக்கியிருக்கலாம்.

அரம் என்று சொன்னதும் பையனின் கண் வேறுமாதிரி மின்னியது. அவனைப் போன்றவர்களுக்கு ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்த மறுநொடியே அதை எப்படி மாற்றலாம் என்ற எண்ணம் வந்துவிடும்.

ஒரு மில்லிமீட்டரின் விலை

“ப்ளே ஜாஸ்தி இருக்குண்ணா. கனமாவும் இருக்கு. சரி பண்ணிடலாம்.”

டிவிஎஸ் 50 மொபெட் 1980இல் வெளிவந்த ஊர் ஓசூர். இங்கே ‘ப்ளே’ என்ற சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கிளட்ச் பிடியை இழுத்தால் முதலில் கொஞ்சம் சும்மா வரும், பிறகுதான் கேபிள் இழுபடும். அந்தச் சும்மா வருவதுதான் ப்ளே. ட்ரிகரிலும் அது உண்டு. வால்முனை கொண்டியைத் தொடும்வரை ஒரு வெட்டிநடை. தொட்ட பிறகு கனம். கொண்டி கழன்ற பிறகும் ட்ரிகர் பின்னால் ஓடும் ஒரு மிச்சநடை. வேகமாகச் சுட விரும்புகிற ஆட்டக்காரர்கள் உலகெங்கும் இந்த மூன்றையும்தான் சுரண்டுகிறார்கள்.

மிச்சநடையைக் குறைப்பதில் பெரிய ஆபத்தில்லை. ட்ரிகருக்குப் பின்னால் ஒரு திருகாணி வைத்து, கொண்டி கழன்றதும் விரல் மேற்கொண்டு போகாமல் தடுத்துவிடலாம். மரைத் திருகு சற்று அதிகமாகப் போனால் கொண்டி கழலவே கழலாது. சுட முடியாத மார்க்கர் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை.

கனத்தில் கை வைத்தால்தான் கதை மாறுகிறது. கனம் எங்கிருந்து வருகிறது? நாலு கிலோ விசையோடு குதிரை கொண்டியை நெருக்குகிறது. அந்த நெருக்கலின்கீழ் இரும்பின்மேல் இரும்பு வழுக்கித்தான் கொண்டி கீழே இறங்க வேண்டும். காய்ந்த இரும்புக்கு உராய்வு நெருக்கலில் ஏறத்தாழ பாதி, ஆகவே இரண்டு கிலோ. மெருகேற்றி எண்ணெய் விட்டால் ஆறில் ஏழில் ஒரு பங்கு, ஆகவே சுமார் 600 கிராம். ட்ரிகர் ஒரு நெம்புகோல். விரல் படும் இடம் அச்சிலிருந்து மூன்று சென்டிமீட்டர், வால்முனை ஒரு சென்டிமீட்டர் என்றால் விரலுக்கு வந்து சேருவது மூன்றில் ஒரு பங்கு. காய்ந்திருந்தால் 650 கிராமுக்கு மேல், மெருகேற்றினால் 200 கிராம். சுட்டுவிரலுக்கு இது பூமிக்கும் வானத்துக்கும் உள்ள வித்தியாசம். ஒரு துளி எண்ணெயும் நைஸ் எமரித்தாளும் செய்யும் மாயம்.

இதுவரை லாபம்தான். பேராசை அடுத்த படியில் வருகிறது. கொண்டியும் குதிரையும் ஒன்றன்மேல் ஒன்று மாட்டியிருக்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் என்று வையுங்கள். அது முழுதும் வழுக்கினால்தான் குதிரை விடுபடும், விரல் அதற்கு மூன்று மில்லிமீட்டர் நகர வேண்டும். கொண்டியின் நுனியை அரத்தால் தேய்த்து ஆழத்தை அரை மில்லிமீட்டராக்கினால் விரலின் நடை ஒன்றரையாகிவிடும். தொட்டால் சுடும் ட்ரிகர்!

தேய்ந்த விளிம்பு என்றைக்கும் கூர்மையாக இருப்பதில்லை. நுனி பத்தில் இரண்டு மில்லிமீட்டர் மழுங்கினால், ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகும், அரை மில்லிமீட்டரில் ஐந்தில் இரண்டு பங்கு போகும். மிச்சமிருக்கும் முடியளவு பிடிமானத்தில் நாலு கிலோ தொங்கிக்கொண்டிருக்கும். மார்க்கர் கைதவறிக் கீழே விழுந்தால், ஒரு பாறையில் இடித்தால், ட்ரிகரைத் தொடாமலே குதிரை பாயும்.

திரும்பி வரும் குதிரையையும் யோசியுங்கள். அது நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் வருகிறது என்றால் ஒரு சென்டிமீட்டரைக் கடக்க ஆயிரத்தில் இரண்டு நொடிதான். அதற்குள் கொண்டி எழுந்து நின்றாக வேண்டும். விரலுக்கு லேசாக இருக்கட்டும் என்று கொண்டியின் ஸ்பிரிங்கையும் மெலிதாக மாற்றியவர், கொண்டியைச் சோம்பேறியாக்கிவிட்டார். அது பாதி எழுவதற்குள் குதிரை அதன் தலையை உரசிவிட்டுத் திரும்பிப் பாயும். ஓர் அழுத்துக்கு ஒன்றரை பந்து, இரண்டு பந்து, சில சமயம் எத்தனை என்றே சொல்ல முடியாது. ட்ரிகரின் கனம் ஒரு குறை என்றுதான் நாம் நினைக்கிறோம். பிடிமானத்தின் மறுபெயர்தான் அந்தக் கனம்.

இதைச் சாமர்த்தியமாகத் தாண்டியவர்களும் உண்டு. வீணாகும் வாயுவில் கொஞ்சத்தைக் குழாய் வழியே கொண்டுவந்து, ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் ட்ரிகரையே முன்னால் தள்ளவைத்தார்கள். விரல் ஒரே அளவு இழுத்தபடி இருக்க, வாயு அதை உதறிவிடும், விரல் மறுபடி இழுக்கும், வாயு மறுபடி உதறும். ‘விட்டால்தான் அடுத்தது’ என்ற சட்டம் எழுத்துக்கு எழுத்து காப்பாற்றப்படுகிறது. விடும் வேலையை மட்டும் வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். வக்கீல் மூளை.

எல்லைக்கு இருபுறமும் இரண்டு கடிகாரம்

ஓர் அழுத்துக்கு ஒரு விடுவிப்பு என்ற இதே தந்திரத்தை மனிதர்கள் மிக நுட்பமாகக் கையாண்டது போரில் அல்ல, கடிகாரத்தில். அதன் வரலாற்றில் ஒரு பக்கம் ஓசூர் சாலையின் இருமுனையிலும் நடந்தது.

பெங்களூரு முனையில் எச்எம்டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு அங்கே கைக்கடிகாரம் செய்யத் தொடங்கினார்கள். சாவி கொடுக்கும் கடிகாரத்துக்குள் சுருண்டிருக்கும் வில்லை அப்படியே விட்டால் சில நொடிகளில் கரகரவென்று விரிந்து தீர்ந்துவிடும். அதை ஒன்றரை நாளுக்கு இழுத்தடிக்க வேண்டும். அதற்கு ஒரு பல்சக்கரம், அதன் பற்களில் மாறி மாறி மாட்டும் இரண்டு மாணிக்கக்கல் பதித்த கவை, கவையை இடித்து விடுவிக்கும் ஓர் ஊசல்சக்கரம். போய்வரும் ஒவ்வோர் ஊசலுக்கும் ஒரே ஒரு பல். இதை ‘விடுபொறி’ என்று சொல்லலாம். காதருகே வைத்தால் கேட்கும் டிக் ஒவ்வொன்றும் ஒரு கொண்டி மாட்டும் ஓசை. பழைய சாவிக் கடிகாரங்கள் பலவற்றில் மணிக்கு 18,000 தடவை, ஒரு நாளைக்கு நாலு லட்சத்துக்கும் மேல். இத்தனையிலும் ஒரு பல் கூடுதலாக நழுவக் கூடாது.

ஓசூர் முனையில் டைட்டன். 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது. அவர்கள் குவார்ட்ஸில் பந்தயம் கட்டினார்கள். இங்கே கவை இல்லை, ஊசல் இல்லை. நொடிக்கு 32,768 தடவை அதிரும் ஒரு படிகம், அந்த அதிர்வை எண்ணும் ஒரு சிப், எண்ணி முடித்ததும் நொடிக்கு ஒருமுறை ஒரு குட்டி மோட்டாருக்கு மின்துடிப்பு. இரும்பின் வடிவத்தில் இருந்த எண்ணிக்கை சிப்புக்குள் குடியேறிவிட்டது. 2002இல் அவர்கள் கொண்டுவந்த எட்ஜ் கடிகாரத்தின் உள்பொறி 1.15 மில்லிமீட்டர் தடிமன்தான். கொண்டியும் கவையும் இல்லாதது அந்த மெலிவை எளிதாக்கியது. எச்எம்டியின் கடிகாரப் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது.

பெயிண்ட்பாலிலும் இதே கதை, சில ஆண்டுகள் தாமதமாக. விலை கூடிய மார்க்கர்களில் ட்ரிகர் ஒரு சிறு சுவிட்சைத்தான் தொடுகிறது. சிப் அதைப் பார்த்து, மின்காந்த வால்வைத் திறந்துவிடுகிறது. கனம் மவுஸ் பட்டன் அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் சுவிட்சுக்கும் ஒரு வினோதக் குணம் உண்டு. இரண்டு உலோகத்தகடு மோதும்போது அவை ஒட்டிக்கொள்வதற்கு முன் ஆயிரத்தில் சில நொடிகள் தத்துகின்றன, தரையில் விழுந்த கோலிக்குண்டு மாதிரி. மனிதக்கண்ணுக்கு ஓர் அழுத்து, சிப்புக்கு ஐந்தாறு அழுத்து. ஆகவே முதல் தொடுகைக்குப் பிறகு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்ளும்படி சிப்புக்குச் சொல்லிவைப்பார்கள். அந்த நேரத்தை வேண்டுமென்றே குறைத்து, ஓர் இழுப்புக்கு மூன்று பந்து வாங்கியவர்கள் போட்டிகளில் இருந்தார்கள். பிறகு போட்டி நடத்துகிறவர்களே நொடிக்குப் பத்துச் சொச்சம் பந்து என்று வரம்பு வைத்தார்கள். துளையை அரத்தால் நீட்டுவதும் சிப்பில் ஓர் எண்ணை மாற்றுவதும் ஒரே தொழில்தான், கையில் படும் அழுக்கில்தான் வித்தியாசம்.

டபுள் அடி

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பையன் சொன்னது: “எங்க பிரஸ்ல இதே மாதிரிதாண்ணா டபுள் அடிக்கும்.”

ஓசூரின் பெரிய ஆலைகளுக்குப் பின்னால் தகரம் வெட்டி, வளைத்து, ஓட்டை போட்டுக் கொடுக்கும் சிறு பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. அங்குள்ள பழைய பவர் பிரஸ்ஸுக்குள் ஒரு கனத்த சக்கரம் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதுதான் சேமித்துவைத்த ஆற்றல். காலால் பெடலை மிதித்தால் ஒரு கொண்டி விலகி, ஒரு சாவிக்கட்டை சக்கரத்தோடு மாட்டிக்கொள்ளும், அச்சு கீழே வந்து அடிக்கும். ஒரு சுற்று முடிந்ததும் கொண்டி திரும்ப எழுந்து சாவிக்கட்டையைக் கழற்றிவிட வேண்டும். ஒரு மிதி, ஓர் அடி. மார்க்கரில் ஐந்தாறு கிலோ சென்டிமீட்டரில் நடப்பது இங்கே டன்களில் நடக்கிறது.

அந்தக் கொண்டி தேய்ந்திருந்தால், அதன் ஸ்பிரிங் சோர்ந்திருந்தால், அச்சு மேலே போய் நிற்காமல் மறுபடி இறங்கும். அதே நொடியில்தான் ஆள் அடித்த துண்டை எடுக்கக் கையை உள்ளே நீட்டியிருப்பார். இதற்கு விளக்கம் தேவையில்லை. இந்தப் பக்கத்தில் பேருந்தில் ஏறினால் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளில் சிலவற்றில் விரல் எண்ணிக்கை குறைந்திருப்பதைப் பார்க்கலாம்.

ஆபத்தான எந்திரத்துக்கு வேலி வேண்டும் என்று 1948இன் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. புதிய பிரஸ்களில் பெடலுக்குப் பதில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் அரை நொடிக்குள் ஒருசேர அழுத்தினால்தான் அச்சு இறங்கும். இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அழுத்தினால்தான் அடுத்த அடி. கைகள் பட்டனில் இருக்கும்போது அச்சுக்குள் இருக்க முடியாதல்லவா? இந்த ‘விட்டுவிட்டு மறுபடி’ என்ற நிபந்தனை சும்மா சேர்த்ததல்ல. அது இல்லாவிட்டால் ஒரு பட்டனில் குச்சியைச் செருகி நிரந்தரமாக அழுத்தி வைத்துவிட்டு, ஒரே கையால் வேலை ஓட்டுவார்கள். மணிக்கு இத்தனை உருப்படி என்ற இலக்கு தலைக்குமேல் நிற்கும்போது, ட்ரிகரை லேசாக்கும் ஆசை ஆட்டக்காரனுக்கு மட்டும் வருவதில்லை. பிரஸ்ஸில் அந்த ஆசையின் லாபம் ஒருவருக்கும் விலை வேறொருவருக்கும் போகிறது. எனக்கு இதில்தான் கோபம்.

கேஸ் தீரும் நேரம்

மாலை நாலரை மணி ஆட்டத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் குழுவில் ஒருவர் படபடவென்று சுட்டுக்கொண்டே இருந்தார். திடீரென்று அவர் மார்க்கர் ‘ப்ர்ர்ர்’ என்று தானாக அதிரத் தொடங்கியது. விரலை எடுத்துவிட்டார், அப்போதும் நிற்கவில்லை. யாரும் அதன் கொண்டியில் அரம் வைக்கவில்லை, எல்லாம் புதுசு.

காரணம் சிலிண்டர். அந்தக் களத்தில் கரியமில வாயுவைத் திரவமாக நிரப்பிக் கொடுக்கிறார்கள். திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும். ஓட்டல்களில் பெரிய அடுப்புக்கு ஓடும் கேஸ் சிலிண்டரின் அடியில் பனி பூத்திருப்பது அதனால்தான். கரியமில வாயுவின் அழுத்தம் 30 டிகிரியில் நம்மைச் சுற்றியுள்ள காற்றைப்போல் சுமார் 70 மடங்கு, 20 டிகிரியில் 57 மடங்கு, உறைநிலையில் 34 மடங்கு. கிருஷ்ணகிரியின் மதிய வெயிலில் முறுக்காக இருக்கும் அதே சிலிண்டர், ஓசூர் மேட்டின் குளிர்ந்த மாலையில், அதுவும் விடாமல் சுட்டுக் குளிர்ந்த பிறகு, சோர்ந்துபோகும். சோர்ந்த வாயு குதிரையைக் கொண்டிவரைக்கும் உதைத்துத் தள்ளாது. குதிரை கொண்டியை எட்டாமலே பாதிவழியில் திரும்பி வால்வை இடிக்கும், மறுபடி பாதிவழி, மறுபடி இடி. பிடிக்க வேண்டிய கொண்டி சரியாகத்தான் நிற்கிறது, பிடிபட வேண்டியது அதனிடம் வந்துசேரவில்லை.

சுட்டவர் திகைத்து நின்றார். பிரஸ் ஷாப் பையன்தான் முதலில் ஓடியவன். குழலை மண்ணைப் பார்க்கத் திருப்பி அழுத்தினான். “மெயினை ஆஃப் பண்ணுங்க!” என்று கத்தினான், பிரஸ் முன்னால் நிற்கிற ஞாபகத்தில். களத்துக்காரர் வந்து பக்கவாட்டுப் பிடியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தார். கொண்டி மாட்டியது. நின்றது.

அதன்பிறகு அவர் அந்த மார்க்கரை உடனே யாருக்கும் கொடுக்கவில்லை. சிலிண்டரைக் கழற்றினார், பந்துக் கூடையைக் கழற்றினார், குழலைக் கழற்றினார். குதிரையைப் பின்னுக்கு இழுத்து மாட்டினார். பையில் இருந்து ஒரு ரப்பர் சுத்தியலை எடுத்து உடலின்மேல் மூன்று இடத்தில் ஓங்கித் தட்டினார், ஒவ்வொரு தட்டுக்கும் காதைக் கிட்டே வைத்துக் கேட்டார்.

“காலையில ஷிஃப்ட் ஏறும்போது நாங்களும் வெறும் அடி நாலஞ்சு அடிச்சுப் பார்ப்போம்ணா” என்றான் பையன். பிறகு களத்துக்காரரிடம் திரும்பி, “இன்னொரு தட்டு தட்டுங்க, இந்தப் பக்கம்” என்று கொண்டி இருக்கும் இடத்தை விரலால் காட்டினான்.